பெரிய மானிட்டரில் மட்டும்

படத்தில் ராகினியின் தோளில் இருந்த கறை லேப்டாப்பில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரிய மானிட்டரில் மட்டும் தெரிந்தது.

தூசியாக இருக்கும் என்று டி-ஷர்ட்டின் நுனியால் மானிட்டரைத் துடைத்தாள். போகவில்லை. படத்தை நகர்த்திப் பார்த்தாள், கறையும் கூடவே நகர்ந்தது. பெரிதாக்கினாள், அதுவும் பெரிதானது. கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு இப்படிச் சொன்ன பேச்சு கேட்டுக் கூடவே வராது என்று அவளுக்குத் தெரியும். ஜாசினில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துவதுதான் அவள் வேலை. அந்த வட்டாரத்து மணப்பெண்களில் பாதிப் பேரின் முகப்பரு அவள் கையால் மறைந்ததுதான். தூசியைப் பார்த்து ஏமாறுகிற ஆள் இல்லை அவள்.

படத்தை இழுத்து லேப்டாப் பக்கம் விட்டாள். நிச்சயதார்த்தப் படத்தில் அவள் பச்சைப் பட்டுச் சேலையில், மாப்பிள்ளை ஹரிதாசின் பக்கத்தில், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். தோளில் ஒன்றுமில்லை. திரும்ப மானிட்டர் பக்கம் இழுத்தாள். பச்சைப் பட்டின் மேல் பழுப்பாக நான்கு சின்னத் தீற்றல்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக.

வெளியே சாயங்காலத்திலிருந்து விடாத மழை. மலாக்காவின் புக்கிட் கட்டில் பகுதி வரிசை வீடுகளின் தகரத் தாழ்வாரங்களில் அது கொட்டுகிற சத்தத்தைத் தாண்டி, சூரா தொழுகைக் கூடத்திலிருந்து வந்த மக்ரிப் பாங்கு நனைந்து மெலிந்து கேட்டது. சமையலறையில் அம்மா சம்பால் இடித்துக்கொண்டிருந்தாள். சின்னக் கல்லுரலில் ஒரே சீராக விழும் உலக்கைச் சத்தம், நடுநடுவே அம்மாவின் வறட்டு இருமல், சிலிப்பரை இழுத்து இழுத்து அவள் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடக்கிற சரசரப்பு, எண்ணெயில் நெத்திலி பொரியும் வாசனை. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தங்கள் என்பதால் அவை காதில் விழுந்தும் விழாமலும் இருந்தன.

"ராகினி, அந்தப் போட்டோவ அனுப்பிட்டியா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. மானிட்டர் என்னமோ தகராறு பண்ணுது."

"நான் நிக்கிற போட்டோதானே?"

"ம்ம்."

அந்த 'ம்ம்' பச்சைப் பொய். சொன்ன வாய் கசந்தது.

அம்மாவின் பெயர் சுப்பம்மா. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து அங்கேயே உழைத்தவள். ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் ஒருநாள் தெறித்துக் கன்னம் வெந்து போனது. தோல் சுருங்கி, கண்ணின் ஓரத்தையும் வாயின் ஓரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆறியது. அதன் பிறகு கேமராவைக் கண்டாலே அம்மா வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அப்பா இறந்ததும் ராகினிதான் அவளை இந்த வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

நிச்சயத்தன்று தட்டு மாற்றும்போதும் அம்மா முன்னால் வரவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் தட்டைத் தொடக்கூடாது என்று பெரியப்பாவும் பெரியம்மாவும் மாற்றினார்கள். அம்மா பின்னால் நின்று தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிப் படத்துக்கு எல்லாரும் சிவப்புத் திரைச்சீலைக்கு முன்னால் நின்றபோது, ஹரிதாசின் அம்மா சுசீலாதான், "சம்பந்தி இல்லாம என்னா போட்டோ? வாங்க இங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். அம்மா கூசிக்கொண்டே வந்து ஓரத்தில் நின்றாள். ராகினியின் தோளில் கையை வைத்து, "கேமராக்காரன் பயந்து ஓடிடப் போறான், புடிச்சுக்கச் சொல்லு" என்று காதில் சொன்னாள். ராகினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நொடியில் எடுத்ததுதான் அன்றைய படங்களிலேயே நல்ல படம்.

அதைத்தான் கல்யாண மண்டப வாசலில் ஆள் உயரப் பேனராக வைக்கலாம் என்று ஹரிதாஸ் சொன்னான். ராகினியும் தலையாட்டிவிட்டாள். தலையாட்டிய பிறகுதான் மண்டப வாசலை நினைத்துப் பார்த்தாள். ஹரிதாசின் ஆபீஸ் ஆட்களும் மலாக்கா டவுன் உறவுக்காரர்களும் வாசலில் நிற்பார்கள். முதலில் அம்மாவின் கன்னத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் ராகினியைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நினைக்கவே உடம்பு கூசியது. பெற்ற தாயை இப்படி நினைக்கிறோமே என்று அதைவிட அதிகமாகக் கூசியது. ஆனாலும் நேற்று மதியம், அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம் பார்த்து, அவளைப் படத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

யாரோ ஒரு மணப்பெண்ணின் மூக்கு நுனியைக்கூடத் திரை நிறையப் பெரிதாக்கி வேலை பார்க்கிறவள், அம்மாவைப் படத்தைப் பெரிதாக்காமலேயே அழித்தாள். பெரிதாக்கினால் பார்க்க வேண்டுமே. திரைச்சீலையின் சிவப்பையும் தங்கப் பூக்களையும் பக்கத்திலிருந்து நகலெடுத்து, அம்மா நின்ற இடத்தில் ஒற்றி ஒற்றி மூடினாள். பழைய படத்தின் மேலேயே சேமித்தாள். கேமராவின் மெமரி கார்டைத் துடைத்து வேறு கல்யாணத்துக்கு அனுப்பி நாளாகிவிட்டது. மண்டபத்தில் அம்மா பார்த்துக் கேட்டால், இடம் பற்றவில்லை என்று பேனர் கடையில் வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பொய்யைக்கூட அவள் தயாராக வைத்திருந்தாள்.

இப்போது தோளில் கறை. அவசரத்தில் செய்த வேலை, விளிம்பு சரியாக மறையவில்லை போலிருக்கிறது என்று முதலில் சமாதானம் செய்துகொண்டாள். லேப்டாப்பில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பட்டின் இழை இழையாகத் தெரிந்தது. கறை இல்லை. படத்தில் குற்றம் இல்லை என்றால் மானிட்டரில்தான் குற்றம். ஹரிதாஸ் ஆசையாக வாங்கிக் கொடுத்த புது மானிட்டர் அது. இன்றைக்குத்தான் பெட்டியைப் பிரித்து மாட்டியிருந்தாள்.

மெர்லிமாவில் பேனர் அச்சடிக்கும் கடையில் இருக்கும் கோகுலராஜைப் போனில் கூப்பிட்டாள். ஸ்டூடியோ வேலையெல்லாம் அவன் கைக்குத்தான் போகும். கணினி முரண்டு பிடித்தாலும் அவனைத்தான் கேட்பாள்.

"அக்கா, இன்னும் ஃபைல் வரலியே. உங்களுக்காகத்தான் மெஷின நிறுத்தாம வெச்சிருக்கேன்."

"இதோ அனுப்பிடுறேன் தம்பி. லேப்டாப்ல படம் நல்லாத்தான் இருக்கு. மானிட்டர்ல போட்டா கறை மாதிரி ஒண்ணு தெரியுது."

"என்னா மாதிரி கறை?"

அவள் மானிட்டரைப் பார்த்தாள். விரல் மாதிரி என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"சும்மா, பழுப்பா."

"கலர் புரொஃபைல்தான் லா. ரெண்டு ஸ்கிரீனுக்கும் வேற வேறயா இருக்கும். மானிட்டரோட சேந்து வந்தத தூக்கிட்டு, சாதாரணமா உள்ளதப் போடுங்க. சாஃப்ட்வேர மூடித் தொறந்து பாருங்க."

அவன் சொன்னபடியே செய்தாள். திறந்தபோது நிறங்கள் தெளிந்திருந்தன. சேலையின் பச்சை சரியான பச்சையாக இருந்தது. ஹரிதாசின் சட்டை சரியான சந்தன நிறத்தில் இருந்தது. தோளில் இருந்த பழுப்பும் சரியாகியிருந்தது. கணுக்களில் மடிப்பு விழுந்த, நகத்தோரம் கறுத்துப் போன நான்கு விரல்கள். பல வருஷம் பால் வாளி தூக்கிய விரல்கள்.

ராகினியின் கை தன்னையறியாமல் தன் தோளுக்குப் போனது. அங்கே டி-ஷர்ட்டின் தையல் மட்டும்தான் இருந்தது.

"சரியாச்சா கா?"

"இல்ல தம்பி. கொஞ்சம் அதிகமாத் தெரியுது."

"அப்ப கிராபிக்ஸ் கார்டு. சாஃப்ட்வேர் செட்டிங்ல அத ஆஃப் பண்ணிட்டு லேப்டாப்ப ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணுங்க. சில நேரம் பழைய படத்த ஞாபகம் வெச்சிக்கிட்டு அதயே காட்டும்."

அந்தப் பதில் அவளுக்கு இதமாக இருந்தது. இயந்திரம் பழையதை மறக்காமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்கில் போய் அணைத்தாள். லேப்டாப் மூடித் திறக்கும்வரை சமையலறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டொக். டொக். இருமல். சிலிப்பர் சரசரப்பு. மழை கொஞ்சம் வலுத்தது. எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

படம் வந்தது. விரல்களுக்குப் பின்னால் கை வந்திருந்தது. கைக்குப் பின்னால் வெளிர்நீலச் சேலை, கஞ்சி போட்டு விறைத்த மடிப்பு, கீழே வெறும் பாதங்கள். அம்மா முழுசாக வந்து ஓரத்தில் நின்றாள். கழுத்துக்கு மேலே மட்டும் திரைச்சீலையின் தங்கப் பூக்கள் இருந்தன.

ராகினி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். லேப்டாப்பைப் பார்த்தாள். அதே படம், அதே நேரம், அங்கே ஓரம் காலியாக இருந்தது.

கேபிளாக இருக்கலாம். பிடுங்கி வேறு கேபிளை மாட்டினாள். மானிட்டர் கறுத்தது. அந்தக் கறுப்பில் அவள் தெரிந்தாள், அவளுக்குப் பின்னால் சமையலறை வாசலின் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. வாசலில் யாரும் இல்லை. இல்லை என்று உறுதி செய்துகொள்ளத் திரும்பியும் பார்த்தாள். மானிட்டர் உயிர் பெற்றபோது தலையில்லாத அம்மா அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள்.

"கேபிளும் இல்லியா?" கோகுலின் குரலில் அலுப்பு தட்டியது. "ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்க, அதுல கறை விழுதான்னு."

எடுத்தாள். சுத்தமாக இருந்தது. அனுப்பினாள்.

"இதுல ஒண்ணுமே இல்ல கா. அப்ப கம்ப்யூட்டர்லேருந்து படம் சுத்தமாத்தான் போவுது. மானிட்டர்தான் கோளாறு. போன்ல மானிட்டர ஒரு படம் புடிச்சு அனுப்புங்க, என்னான்னு பாப்போம்."

ராகினி தயங்கினாள். முகம் தெரியவில்லை, யாரென்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று தைரியம் சொல்லிக்கொண்டாள். சரியாகப் பார்க்காமலேயே போனை உயர்த்தி ஒரு படம் பிடித்து அனுப்பினாள்.

"கறை எங்கன்னு தெரியலியே கா. எல்லாரும் இருக்காங்க. உங்க அம்மா நல்லாத்தானே விழுந்திருக்காங்க."

அவள் மெல்லக் கண்ணை உயர்த்தினாள்.

கழுத்துக்கு மேலே முகம் இருந்தது. மற்ற எல்லாரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் நாற்காலியில் இருக்கிற ராகினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராகினி சட்டென்று பார்வையைத் தாழ்த்திக் கீபோர்டைப் பார்த்தாள்.

"ஓ, ஸ்கிரீன்ஷாட்ல அம்மா இல்லியே," என்றான் கோகுல். அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. "அம்மாவ எடுக்கச் சொன்னாங்களா? யாரு, மாப்பிள்ள வீட்லயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கைபிடித்து அழைத்து வந்தவரே சுசீலா அத்தைதான் என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா," என்றாள். "அவங்கதான் சொன்னாங்க."

சமையலறையில் உலக்கை நின்றது.

"பாவம்லா அம்மா," என்றான் கோகுல். "சரி, ஃபைல் சுத்தமா இருந்தா போதும். மானிட்டர விடுங்க. சீக்கிரம் அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குக் கேட்டிருக்குமா? மழையில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் அம்மாவின் குணம். அந்தக் குணத்தை நம்பித்தானே இவ்வளவும் செய்தோம் என்று நினைத்தபோது, எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நிற்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உலக்கை மறுபடி விழத் தொடங்கியது. மெதுவாக. முன்னைவிட மெதுவாக.

அவன் சொன்னபடி மானிட்டரை விட்டுவிட்டு அனுப்பியிருந்தால் போதும். ஆனால் மானிட்டரில் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் காலி ஓரத்தை அனுப்ப ராகினிக்குக் கை வரவில்லை. தாய் பார்த்திருக்கத் தாயை அனுப்பாமல் விடுவது எப்படி? முதலில் அந்தப் பார்வை போக வேண்டும். லேப்டாப்பில் அழிக்க ஒன்றுமில்லை. ஆகவே மானிட்டரில் தெரிகிறதை மானிட்டரிலேயே மூடுவது என்று முடிவு செய்தாள்.

திரைச்சீலையில் சுத்தமான ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தாள். சிவப்பு, நடுவில் ஒரு தங்கப் பூ, அதில் ஓர் இதழ் நுனி உடைந்தது. பாதங்களில் ஆரம்பித்தாள். ஒற்றினாள். பாதம் இருந்த இடத்தில் பூ வந்தது. இன்னொன்று. இன்னொரு பூ. ஒன்றும் நடக்காது என்று பாதி நம்பியிருந்தவளுக்கு, சொன்னபடி கேட்கிறதே என்று நிம்மதியாகவே இருந்தது. சேலையின் கீழ்மடிப்பு வரை மூடிவிட்டு மூச்சு வாங்கினாள்.

சிலிப்பர் சத்தம் கேட்கவில்லை.

ஒரே இடத்தில் நிற்கிறாள் போலிருக்கிறது. உலக்கை விழுந்துகொண்டுதான் இருந்தது. ராகினி இடுப்பை மூடினாள். கையை மூடினாள். தோளில் இருந்த விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

உலக்கை நின்றது. கல்லில் விழாமல், பாதியில்.

"ம்மா?"

"என்னா ராகினி?"

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"தெரியலம்மா. கை…" என்றாள் அம்மா. குரலில் பயம் இல்லை, ஏதோ தப்பு செய்துவிட்ட சங்கடம்தான் இருந்தது. "கையக் காணோம்."

"என்னா சொல்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. நீ வேலையப் பாரு. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

ராகினி எழுந்தாள். எழுந்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே போனால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆமா, அவங்கதான் சொன்னாங்க. அதைக் கேட்ட முகத்தைப் பார்க்க வேண்டும். மேசையில் போன் அதிர்ந்தது. கோகுல்தான். 'கா, கடை அடைக்கணும்.'

வயசானால் கை மரத்துப் போகும். நாளைக்கு கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போகலாம். அப்படிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். தனக்கே நம்பிக்கை இல்லாத சமாதானம் அது. இருந்தும் உட்கார்ந்தாள்.

கழுத்து. ஒற்றினாள்.

"ராகினி, நெத்திலி கருகுது, வந்து அடுப்ப…"

குரல் அங்கேயே அறுந்தது.

நெத்திலி கருகுகிற வாசனை வந்தது. இருமல் இல்லை. சரசரப்பு இல்லை. மழை மட்டும். மானிட்டரில், சிவப்புத் துணிக்கு நடுவே, முகம் மட்டும் மிச்சமிருந்தது. அது இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராகினி பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள். தூரிகையைப் பெரிதாக்கினாள், முகம் முழுக்க ஒரே ஒற்றில் அடங்குகிற அளவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

ஒருமுறை.

இன்னும் ஒருமுறை.

கண்ணைத் திறந்தபோது இரண்டு திரைகளும் ஒன்றுபோல் இருந்தன. கறை இல்லை. சிவப்பு, பூ, சிவப்பு, பூ. படத்தை அனுப்பினாள். கை தானாக அனுப்பியது.

பதில் உடனே வந்தது. 'வந்துடுச்சு கா. சுத்தமா இருக்கு. பிரிண்ட்ல போட்டுட்டேன்.'

"ம்மா," என்று கூப்பிட்டாள்.

"ம்மா, அடுப்ப அணைச்சிட்டீங்களா?"

அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. டக் என்று ஒரு திருகல். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "ம்மா, இங்க கொஞ்சம் வாங்களேன்," என்றாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். நான்தாம்மா எடுத்தேன், அவங்க இல்ல என்று சொல்லிவிட வேண்டும். கோகுலைக் கூப்பிட்டு மெஷினை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

காலடிச் சத்தம் இல்லாமல் சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றாள்.

அம்மாவின் உயரம். அம்மாவின் கூன் விழுந்த தோள். அந்த வடிவத்துக்குள் சேலை இல்லை, தோல் இல்லை. தலையிலிருந்து பாதம் வரை சிவப்புத் துணி. தங்கப் பூக்கள். எல்லாம் ஒரே பூ. ஒவ்வொன்றிலும் அதே இதழ், அதே உடைந்த நுனி. அவசரமாக ஒற்றிய இடத்தில் பூவின் மேல் பாதிப் பூ ஏறியிருந்தது. அது தன்னுடைய வேலை என்று ராகினிக்குத் தெரிந்தது.

நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் பூக்கள் ஏறி இறங்கின. மூச்சு.

ராகினி லேப்டாப்பில் விழுந்தாள். செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளும் பொத்தானை அழுத்தினாள். அழுத்தினாள். அழுத்தினாள். சிவப்புத் துணிக்கு அடியிலும் சிவப்புத் துணிதான் இருந்தது. போனில் பிடித்த படத்தைத் திறந்தாள். ஓரம் காலி. அம்மாவின் பர்ஸ் டிவி மேசையில் இருந்தது. பாய்ந்து எடுத்து அடையாள அட்டையை உருவினாள். பெயர் இருந்தது. எண் இருந்தது. முகம் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு பூ.

"வரைஞ்சிடுறேன்ம்மா," என்றாள். "நான் வரைஞ்சிடுறேன். உக்காருங்க. இங்க உக்காருங்க."

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மா வந்து உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைத் தட்டாமல், கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, படம் எடுக்க உட்கார்கிறவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ராகினி தூரிகையை எடுத்தாள். தோலின் நிறம் மட்டும் நினைவில் இருந்தது. அதைப் பூசினாள். ஒரு நீள்வட்டம் வந்தது. நெற்றி சின்னதா, பெரியதா? புருவம்? மூக்குத்தி எந்தப் பக்கம்? ஆயிரம் மணப்பெண்களின் முகத்தைத் திரை நிறைய வைத்துப் பார்த்த கண்ணுக்குள் தேடினாள். அம்மாவோடு பேசும்போதெல்லாம் பார்த்தது என்ன? சுவர். டிவி. சோற்றுத் தட்டு. போன். அந்த முகத்தை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை.

வெந்த கன்னத்தையாவது வரைந்துவிடலாம். அது ஒன்று போதும், அம்மா என்று தெரிந்துவிடும். கையைக் கொண்டுபோனாள். கை நின்றது.

இடமா. வலமா.

"ம்மா," என்றாள். அழுகையில் குரல் உடைந்தது. "எந்தப் பக்கம்மா?"

நாற்காலியில் இருந்த சிவப்பில் ஒரு கை பிரிந்து மெல்ல மேலே வந்தது. பூப்போட்ட விரல்கள் ஒரு பக்கத்தைத் தொட்டன. வழுவழுப்பான துணி. தடவிப் பார்த்தன. கொஞ்சம் தயங்கி மறு பக்கம் போயின. அங்கேயும் அதே துணி. திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தன. அப்புறம் அந்தப் பக்கம். அப்புறம் இந்தப் பக்கம். மகள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரத்தோடு, விரல்கள் இன்னும் வேகமாகத் தேடின.